பழைய பிக்அப்பின் பலகைத் தரை

அமெரிக்காவில் 1947-இல் ஷெவ்ரோலே வெளியிட்ட 3100 பிக்அப்பைப் பார்ப்பவர்கள் முதலில் அதன் உருண்டு திரண்ட முகப்பில்தான் மயங்குவார்கள். மயங்கட்டும், அதற்குத் தகுந்த முகம்தான். ஆனால் கொஞ்சம் பின்பக்கம் வாருங்கள். பின்கதவின் கொக்கியை விடுவித்து, சங்கிலி தாங்க மெல்ல இறக்குங்கள். சரக்குத் தொட்டியின் தரை முழுவதும் மரம்! நீளவாக்கில் பலகைகள், அவை சேரும் இடங்களில் எல்லாம் ஒரு மெல்லிய எஃகுப் பட்டை.

அந்தப் பட்டையைக் குனிந்து பாருங்கள். பலகைகளின் ஓரங்களை அளவாகச் செதுக்கித் தாழ்த்தி, அதில் பட்டையை உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அது மரமட்டத்தைவிடச் சற்றே உயர்ந்து நிற்கிறது. பெட்டியைத் தள்ளினால் அது எஃகின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், மரத்தில் உரசல் விழாது. போல்ட்டின் தலையோ வழவழப்பான சிறு குமிழ். தலைக்கு அடியில் கழுத்து சதுரம், பட்டையின் துளையும் சதுரம். அதனால் கீழிருந்து நட்டை முறுக்கும்போது மேலே போல்ட் சுற்றுவதில்லை. பலகைகளுக்கு நடுவே விட்டிருக்கும் சின்ன இடைவெளிக்கும் காரணம் உண்டு. மழைநீர் அதன் வழியே வடியும், ஈரத்தில் மரம் உப்பினாலும் நெரிபடாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு இத்தனை அக்கறை!

இதற்கு என்ன பூச்சு கொடுப்பது? இரும்புத் தகட்டுத் தொட்டியோடு தினமும் கல்லும் மண்ணும் சுமக்கும் வண்டி என்றால், பாலியூரியாத் தெளிப்பு அருமையான காப்பு. சூடாக்கிய இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, விழுந்த சில நொடிகளில் இறுகி, சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சொரசொரப்பான கறுப்புத் தோலாகிவிடும். ஆனால் இந்தப் பலகைத் தரையின் மேல் அதை அடித்தால் பட்டை, குமிழ், மரவரி எல்லாமே புதைந்துபோகும். எனக்கு மனம் வரவில்லை.

வார்னிஷ் அழகுதான். கப்பலின் பாய்மரக் கம்பங்களுக்கென்றே பிறந்த ஸ்பார் வார்னிஷ், வெயிலில் விரிந்து சுருங்கும் மரத்தோடு தானும் நெகிழ்ந்து கொடுக்கும். நாலைந்து பூச்சு ஏறியதும் தேன் நிறத்தில் ஓர் ஆழம் வரும், பார்த்துக்கொண்டே நிற்கலாம். கொட்டகை நிழலில் வாழும் காட்சி வண்டிக்கு அது ராஜ அலங்காரம். ஆனால் அந்தப் படலத்தில் ஒரு கீறல் விழுந்து நீர் புகுந்தால், உள்ளே வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். பிறகு உப்புத்தாள் கொண்டு பழையதைத் தேய்த்தெடுக்க வேண்டியதுதான்.

என் நெஞ்சம் எண்ணெயோடுதான். வெள்ளை ஓக் பலகையில் துங் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவிப் பாருங்கள். சாம்பல் பூத்துக் கிடந்த மரம் கண்ணெதிரே விழித்துக்கொள்ளும். வரிகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். ஆரவாக்கில் அறுத்த பலகையானால், குறுக்கே வெள்ளி ரேகைகள் சாய்ந்த ஒளியில் மினுங்கும். ஊறியது போக மிஞ்சியதைத் துடைத்துவிட்டால், உள்ளே போன எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகும். மேலே தோல் என்று ஒன்று இல்லாததால் உரிய எதுவுமில்லை. மங்கும்போது கழுவிக் காயவைத்து மறுபடி ஒரு கை தடவினால் போதும். வெள்ளை ஓக்கின் நுண்துளைகள் இயற்கையிலேயே அடைபட்டவை, நீர் எளிதில் நுழையாது. அந்தத் தற்காப்புக்குத் துணை நிற்பதுதான் எண்ணெயின் வேலை, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதல்ல. மழையில் நனைந்து ஓடும் பழைய வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு இல்லை என்பேன்.

இப்படியொரு வண்டி உங்கள் கைக்கு வந்தால் இரண்டு காரியம் மறக்காதீர்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாதீர்கள்; காய்கையில் சூடேறித் தானே தீப்பற்றும், விரித்துப் போட்டு உலர்த்துங்கள். பலகையின் வெட்டுமுனைதான் தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும் இடம். ஆகவே மாட்டுவதற்கு முன்பே முனைகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் எண்ணெய் கொடுத்துவிடுங்கள். போல்ட் இறுகிய பிறகு அங்கே துணி எட்டாது.