குறியெண் வரிசை அகரவரிசை ஆகாது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 17ஆம் பதிப்பு வெளிவந்தது 2024இல். இயங்குதளத்தை நம்பாமல் டேட்டாபேஸே தன்னுள் வைத்திருக்கும் கொலேஷன் (வரிசை விதித்தொகுப்பு) ஒன்றையும் அது கொண்டுவந்தது. எழுத்துகளை யூனிகோட் குறியெண்ணின் ஏறுவரிசையில் அடுக்குவதே அதன் வேலை. எங்கும் இதையே வைத்துவிடலாம், மொழிக்கேற்ற வரிசையைச் செயலி பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதம் பொறியாளர்களிடையே உண்டு.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பைட்டுகளை நேரடியாக ஒப்பிடுவதால் வேகம் கூடும். 2018இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பு வரிசை விதிகளை மாற்றியபோது, இயங்குதளத்தைப் புதுப்பித்த பலரின் இன்டெக்ஸ்கள் பழுதாயின. இருக்கும் பதிவு தேடலில் அகப்படவில்லை. ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாத இடத்தில் இருமுறை வந்தது. குறியெண் மாறாது என்பதால் அந்த ஆபத்து இங்கே இல்லை.

ஆனால் அந்த வரிசை எந்த மொழிக்காரரின் வரிசை?

கண்ணன், கணேசன், கதிர், கமலா, கனகா என்ற ஐந்து பெயர்களை எடுத்துக்கொள்வோம். தமிழ் அகராதி முறைப்படி இதுவே சரியான வரிசை. குறியெண்படி அடுக்கினால் கணேசன், கண்ணன், கதிர், கனகா, கமலா என்று வரும். யூனிகோடில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் கண்ணன் பின்தங்குகிறார். ‘ன’ என்ற எழுத்து ‘ந’வை ஒட்டி இருப்பதால் கனகா முந்துகிறார். யூனிகோடின் தமிழ் அட்டவணை, இந்தியத் தரமான இஸ்கி-1988ஐப் பின்பற்றி, தேவநாகரிக்கு இணையாக அமைக்கப்பட்டது. அதனால்தான் ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வும், ‘ள’வுக்கு அடுத்து ‘ழ’வும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழைப் படித்த எவரும் ஏற்காத வரிசை இது.

செயலி சரிசெய்துகொள்ளும் என்பது இன்னும் பலவீனமான பதில். பக்கத்துக்கு நான்கு பெயர் என்று டேட்டாபேஸைக் கேட்டால் கணேசன், கண்ணன், கதிர், கனகா ஆகிய நால்வரை அது தரும். செயலி அந்த நால்வரை எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும், கனகாவுக்கு முன் வரவேண்டிய கமலா அடுத்த பக்கத்தில்தான் இருப்பார். வெட்டிய பிறகு அடுக்கிப் பயனில்லை. முழுப் பட்டியலையும் செயலிக்குள் இழுத்து அடுக்கலாம்தான். லட்சம் பெயர் உள்ள பட்டியலில், வேகத்துக்காகச் செய்த தேர்வு அங்கேயே அர்த்தமிழந்துபோகிறது.

இதை நடுநிலையான தேர்வு என்று சொல்வதை ஏற்க முடியாது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் குறியெண்ணில் தற்செயலாக அல்ல, திட்டமிட்டே அகரவரிசையில் வைக்கப்பட்டவை. ஆங்கிலம் எழுதுவோருக்குச் சிற்றெழுத்து, பேரெழுத்துச் சிக்கல் மட்டுமே மிஞ்சும். சுவீடன் நாட்டவருக்குக்கூட அவர்களுடைய கடைசி எழுத்துகள் இடம் மாறித்தான் வரும். ஒரு மொழிக்குப் பெரும்பாலும் பொருந்துவதைப் பொதுவென்று அறிவித்துவிட்டு, மற்ற மொழிகளின் ஒழுங்கைக் கூடுதல் வசதியாக ஒதுக்குவது பாரபட்சம்.

அந்த ஒதுக்கல் ஏட்டளவில் நிற்பதில்லை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 8.0 பதிப்பில் எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழிக்குத் தனி கொலேஷன் உண்டு, தமிழுக்கு இல்லை. எஸ்கியூலைட் டேட்டாபேஸில் இயல்பாக இருக்கும் மூன்று கொலேஷன்களும் தமிழை அறியாதவை.

போஸ்ட்கிரெஸில் வழி இருக்கிறது. பதிப்பு 10 முதலே ஐசியூ என்ற யூனிகோட் மென்பொருள் நூலகத்தின் தமிழ் விதிகளை ஒரு நெடுவரிசைக்கு மட்டும் பொருத்தலாம். விதிகளின் பதிப்பு மாறினால் டேட்டாபேஸ் எச்சரிக்கும், அப்போது இன்டெக்ஸை மறுபடி கட்டினால் போதும். அடையாள எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் குறியெண் வரிசை இருக்கட்டும். வாக்காளர் பெயர், நூல் தலைப்பு, ஊர்ப்பெயர் என்று மனிதர் கண்ணால் தேடும் நெடுவரிசைகளுக்கு, அட்டவணையை உருவாக்கும் நாளிலேயே தமிழ் கொலேஷனைக் குறிப்பிடுங்கள்.