கடை என்னும் வாசல்

புழக்கடையில் எந்தக் கடையும் இருப்பதில்லை. கிணறு இருக்கும், துவைகல் இருக்கும், சோப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த இரண்டு வாழை நிற்கும். பிறகு ஏன் அந்தப் பெயர் என்பது சின்ன வயதில் எனக்குப் பெரிய புதிர். பல வருடம் கழித்துத்தான் விடை கிடைத்தது. புழை என்றால் சிறுவழி, கடை என்றால் வாயில். வீட்டின் பின்பக்கத்துச் சிறுவாயில் புழைக்கடை. அதுவே பேச்சில் புழக்கடை ஆயிற்று. முன்வாயிலுக்குத் தலைக்கடை என்று பெயர். மளிகை வாங்கப் போகும் இடத்துக்கும் கொல்லைப்புறத்துக் கதவுக்கும் ஒரே சொல் நிற்பதைக் கண்டதிலிருந்து இந்தச் சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை.

சங்கப் பாடல்களில் வாயில் என்ற பொருள் நன்றாகவே புழங்குகிறது. நெடுந்தூரம் நடந்து வந்தவன் வள்ளலின் வாசலில் நின்று தன் வரவைச் சொல்வதற்குக் கடைநிலை என்று ஒரு துறையே உண்டு. புறநானூற்றில் அதைப் பார்க்கலாம். வாயில் வீட்டின் விளிம்பு. அதனால் விளிம்பு, எல்லை, முடிவு என்ற பொருள்களும் இந்தச் சொல்லுக்கு உண்டு. கடைக்கண், கடைவாய்ப்பல், கடைக்குட்டி, கடைசி எல்லாம் அந்த வழியில் வந்தவை. தலை, இடை, கடை என்று தரம் பிரிக்கும்போது அதுவே தாழ்ந்ததையும் குறிக்கிறது. ஆனால் காவிரிப் படுகையில் அந்தத் தாழ்வு ஒட்டுவதில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அணை திறந்தபின் டெல்டா முழுவதும் கேட்கும் கேள்வி, ‘கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?’ என்பதுதான். கால்வாயின் கடைசி மடையில் பயிர் வைத்திருப்பவரின் வருடம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இலக்கணத்திலும் இதற்கு இடமுண்டு. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் 28 உருபுகளில் கடையும் ஒன்று. தொல்காப்பியத்தின் பட்டியலிலும் இருக்கிறது. அதாவது, வெறுமனே ‘இடம்’ என்பதும் கடைதான். மோர் கடைவதும் கீரை கடைவதும் கடைசல் பட்டறையும் வேறு குடும்பம். ஓசை ஒன்று, வேர் வேறு.

வாயில் எப்படி வணிக இடமாயிற்று? வீட்டு வாசலில், கோயில் வாசலில், ஊர் எல்லையில் பொருளைப் பரப்பி உட்கார்ந்தவரிடமிருந்துதான் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் சந்திக்கும் இடம் வாசல். விற்பவருக்கு அதைவிட நல்ல இடம் ஏது? திண்ணையில் பலகை போட்டு வெற்றிலையும் சுண்ணாம்பும் விற்றவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகப்படாது.

பழைய நூல்களில் இதற்கு இணையான சொற்கள் பல. அவற்றை ஒரே பொருள் தரும் பல சொற்கள் என்று ஒதுக்குவது தவறு என்றே நினைக்கிறேன். ஒவ்வொன்றும் தனி இடத்தைக் காட்டியது. அங்காடி பெருஞ்சந்தை. மதுரைக்காஞ்சி பகலில் கூடுவதை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரிக்கிறது. சிலப்பதிகாரத்துப் புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த வெளியில் நாளங்காடி நடந்தது. அங்கும் பாருங்கள், சந்தை கூடியது இரண்டு பாக்கங்களின் எல்லையில். நியமம் மதுரையின் பெரிய கடைத்தெருக்களைக் குறித்த சொல். தானியம் விற்ற தெரு கூலவீதி. மணிமேகலை பாடிய சாத்தனாரே கூலவாணிகர்தான். துணி விற்றவர் அறுவை வாணிகர். அறுவை என்றதும் இன்று நமக்கு மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது.

இவற்றில் சில சொற்கள் தொழிலையே மாற்றிக்கொண்டன. கடைவீதியைக் குறித்த ஆவணம் இன்று பத்திரப்பதிவு அலுவலகத்துச் சொல். பீடிகைத் தெரு என்று இளங்கோ சொன்னது பெரிய கடைகள் இருந்த தெருவை. இப்போது தமிழில் யாராவது பீடிகை போட்டால் விஷயத்துக்கு வரத் தாமதிக்கிறார் என்று அர்த்தம். மலையாளத்தில் மட்டும் பீடிக இன்றும் கடையாகவே இருக்கிறது. அங்காடி கேரளத்திலும் கன்னட நாட்டிலும் வாய்ப்பேச்சில் நிலைத்துவிட்டது. தமிழில் அது பேச்சிலிருந்து பெரும்பாலும் நழுவி, பல்பொருள் அங்காடி என்று பெயர்ப்பலகையில் ஏறி நிற்கிறது. ‘அங்காடிக்குப் போய் உப்பு வாங்கிட்டு வா’ என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை. மண்டி, பஜார், மார்க்கெட் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

கடை மட்டும் அசையவில்லை. அசையவில்லை என்ன, கடல் தாண்டியது. மலாய் மொழியில் கடைக்குப் பெயர் கெடாய், சிங்களத்தில் கடே. இரண்டும் தமிழர் கொண்டுபோனவை. யாழ்ப்பாணத்துச் சங்கக்கடை கூட்டுறவுக் கடை. மலேசியாவில் சாலையோரம் சாப்பிடும் இடம் ஒட்டுக்கடை. இங்கே பெட்டிக்கடை, தரைக்கடை, அடகுக்கடை, பழைய பேப்பர் கடை. நியாய விலைக் கடை என்று அரசு எழுதினாலும் ஊர் அதை ரேஷன் கடை என்கிறது. பெயரில் எது மாறினாலும் கடை மாறுவதில்லை. 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகு இன்னொரு மாற்றமும் நடந்தது. எந்த முன்னொட்டும் இல்லாமல் ‘கடை எப்பத் தொறப்பாங்க?’ என்று ஒருவர் கேட்டால் எந்தக் கடை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அந்தப் பொதுச்சொல் அப்படிச் சுருங்குவதைக் கேட்கும்போது எனக்கு வலிக்கிறது.

இந்தச் சொல்லின் பழைய உருவம் அதன் வினைகளில்தான் பத்திரமாக இருக்கிறது. கடை போடுகிறோம், கடை பரப்புகிறோம், கடை விரிக்கிறோம். கொள்வார் இல்லாத கடையை விரித்த வேதனையை ஊர் வள்ளலார் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. வியாபாரம் படுத்துவிட்டால் கடையைக் கட்டுகிறோம். சுவரும் கூரையும் உள்ள ஒன்றை விரிக்க முடியாது, மூட்டையாகக் கட்டவும் முடியாது. துணி விரித்து, சரக்கைப் பரப்பி, பொழுது சாய்ந்ததும் நான்கு முனையையும் சேர்த்து முடிந்துகொண்டு வீடு திரும்பியவர்களின் வினைகள் இவை.

எங்கள் தெரு முனையில் கண்ணாடிக் கதவும் இரும்பு ஷட்டரும் வைத்த ஜவுளிக்கடை ஒன்று உண்டு. போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு வேட்டி வாங்க ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது: ‘கடை எடுத்து வச்சாச்சு சார், காலைல வாங்க.’