நிலாவுக்குப் பத்து வயதானால்?

ஏ.எல். விஜய்யின் ‘தெய்வத்திருமகள்’ (2011) பார்த்து அழாதவர்கள் குறைவு. நீதிமன்றத்தில் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்க, விக்ரமும் குட்டி சாராவும் சைகையிலேயே பேசிக்கொள்ளும் காட்சிக்கு எனக்கு இப்பவும் கண் கலங்கும். ஆனால் படம் கேட்பது ஒரே கேள்விதான்: மனவளர்ச்சி குன்றிய கிருஷ்ணாவால் மகளை வளர்க்க முடியுமா? மகள் எப்படி வளர்வாள் என்று அது கேட்பதே இல்லை.

காரணம், நிலாவின் ஐந்து வயதிலேயே படம் நின்றுவிடுகிறது. அந்த வயசில் அப்பாவும் மகளும் விளையாட்டுத் தோழர்கள். சிக்கல் தொடங்குவது மகள் அப்பாவைத் தாண்டும்போது. எங்கள் ராஜகுளம் மாதிரி ஒரு ஊரில் நிலாவை வைத்துப் பாருங்கள். ரேஷன் கடையில் மீதிச் சில்லறையை எண்ணுவது, உத்திரமேரூர் பஸ்ஸின் போர்டைப் படிப்பது, பள்ளியில் கையெழுத்து கேட்டால் சமாளிப்பது எல்லாம் பத்து வயசுப் பிள்ளையின் வேலையாகிவிடும். "உங்கப்பா லூசா?" என்று கேட்பவனிடம் சண்டைக்கும் போகணும்; நாலு பேர் முன்னால் அதே அப்பா மீது வரும் எரிச்சலையும் அடக்கணும். பாசத்தைக் காட்டத் தெரிந்த நம் சினிமாவுக்கு இந்த எரிச்சலைக் காட்டத் தெரியவில்லை.

இதே கதையைச் சொன்ன ‘ஐ ஆம் சாம்’ (2001) படத்தில், சாம் வளர்ப்புத் தாயிடமே உதவி கேட்கிறான். சேர்ந்து வளர்க்கலாம் என்கிற இடத்துக்கு வருகிறார்கள். இங்கே கிருஷ்ணா வழக்கில் ஜெயித்தும், குழந்தையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு விலகுகிறான். தியாகம் என்று கைதட்டினோம். அப்படியானால் மாமனார் தரப்பு சொன்னதுதான் சரி என்று படமே ஒப்புக்கொள்கிறதே! ஆயாவும் அத்தையும் பக்கத்து வீட்டக்காவும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது நம்மூரில் புதுசா என்ன?

சட்டத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. பெற்றோரின் ஊனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்கிறது ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு. இந்தியா அதை 2007இல் ஏற்றது. ஆனால் நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஊனமுள்ள குழந்தையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஊனமுள்ள அப்பாவோ அம்மாவோ அதில் இல்லை.

கிருஷ்ணாவை நாம் நிறையவே பார்த்துவிட்டோம். வளர்ந்த நிலா என்ன சொல்வாள் என்பதை யாராவது எடுக்கட்டும். அதில் அவள் அப்பாவைத் திட்டினாலும் பரவாயில்லை.