பருப்பு வேகாத தண்ணீரில் பாலாடை நுரை

காலையில் அலாரம் அடிப்பதற்கு முன்பே நான் எழுந்துவிடுவது சவரம் செய்துகொள்ளத்தான் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. ஒரு காலத்தில் கல்யாணம், காரியம் என்றால்தான் கண்ணாடி முன்னால் நிற்பேன். இன்றைக்குப் பிரஷ், கிண்ணம், சோப்புக் கட்டி மூன்றும் பையில் இல்லாமல் வெளியூருக்குக் கிளம்ப மாட்டேன். அப்படி ஒரு பித்து!

ஆரம்பத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து விலை உயர்ந்த கட்டி ஒன்றை வாங்கி வந்து கொடுத்தார். பிரஷ்ஷை நனைத்துச் சுழற்றினேன், சுழற்றினேன், கை வலிக்கும் வரை சுழற்றினேன். வந்தது நுரையா? திரிந்த பால்! கன்னத்தில் தடவுவதற்குள் வற்றிப்போய், பிளேடு வறவறவென்று இழுத்தது. கழுவிய கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒரு பிசுக்கு வேறு.

பெரம்பலூரில் வீடு, அரியலூரில் வேலை. முடி வெட்டிக்கொள்வது அரியலூர் சலூன் ஒன்றில். அந்த அண்ணனிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். “சோப்பை ஏன் தம்பி திட்டுறீங்க? நம்ம ஊரு போர் தண்ணில பருப்பே வேகாது. நுரை மட்டும் எங்கேருந்து வரும்?”

அப்போதுதான் உறைத்தது. அரியலூர்ப் பூமியே சுண்ணாம்பு. அதை நம்பித்தான் சுற்றிலும் இத்தனை சிமெண்ட் ஆலைகள். டைனோசர் காலத்தில் இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் இன்றைக்கும் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். அந்தச் சுண்ணாம்பு நிலத்தடி நீரில் கரைந்து நம் வாளிக்கு வருகிறது. சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைத் தண்ணீரிலுள்ள கால்சியம் பிடித்துக்கொண்டால், நுரைக்க வேண்டியது திப்பி திப்பியாகத் திரிந்துவிடும். ஏறத்தாழ ஏழு கோடி வருஷத்துச் சிப்பி என் தாடியில் வந்து வம்பு பண்ணியிருக்கிறது!

பெரம்பலூர் மட்டும் என்ன வாழ்கிறது? 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது, அடுத்த வருஷமே பெரம்பலூரோடு ஒட்டியது, 2007இல் மறுபடி பிரிந்தது. எங்கள் போர் தண்ணீர் எந்த அரசாணைக்கும் கட்டுப்படவில்லை. ரெண்டு பக்கமும் உப்புதான்.

அன்றிலிருந்து பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் கட்டி வாங்குவதில்லை. முதல் வரியிலேயே ஸ்டியரிக் அமிலமோ பொட்டாசியம் ஸ்டியரேட்டோ இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குளிக்கிற சோப்பு பெரும்பாலும் சோடியத்தில் செய்தது. கெட்டியாக இருக்கும், பெரிய பெரிய குமிழியாகப் பொங்கும், சட்டென்று அடங்கிவிடும். நல்ல சவர சோப்பில் பொட்டாசியமும் சேர்வதால் பிரஷ் பட்டதுமே இளகிக் கொடுக்கும். குமிழிகளைக் குட்டி குட்டியாக்கிக் கட்டி நிறுத்துவது ஸ்டியரிக் அமிலத்தின் வேலை. தேங்காய் எண்ணெய் நுரையைச் சீக்கிரம் கிளப்பும். ஆனால் அது தூக்கலாகிவிட்டால் முகம் வறண்டு இழுக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரின் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் இன்னொரு பெயரையும் தேடிப் பார்க்கலாம்: ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைத் தான் பிடித்துக்கொண்டு சோப்பைத் தப்பிக்க விடுகிற புண்ணியவான் அது. வாசனை கடைசிதான். சந்தன வாசனையில் மயங்கி நான் ஏமாந்த காசுக்கு ஒரு நல்ல ரேசரே வாங்கியிருக்கலாம்.

தண்ணீருக்கும் வழி இருக்கிறது. முந்தின ராத்திரியே கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பில் கணிசமான பங்கு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்வேன். ஐப்பசியில் மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் கிடைத்தால் கேட்கவே வேண்டாம், அமிர்தம்!

இனிமேல்தான் கச்சேரி. பிரஷ்ஷை நனைத்து ரெண்டு உதறு. கட்டியின் மேல் அரை நிமிஷம் சுழற்றினால் மயிரிழைகளில் பசை மாதிரி அப்பிக்கொள்ளும், பதறக் கூடாது. கிண்ணத்துக்கு மாற்றி, விரல் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். ஏழோ எட்டோ சொட்டில், சொரசொரவென்று இருந்தது திடீரென்று பளபளக்கும் பாருங்கள், ஆகா! சுண்டக் காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி மடிந்து மடிந்து விழும். கிண்ணத்தைக் கவிழ்த்து, நுரை விழவில்லை என்று சிலர் பெருமைப்படுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துளி நுரையை ரெண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். மழித்துவிட்ட இடத்திலும் ஈரம் தொட்டுக்கொண்டு பிளேடு இன்னொரு தடவை வழுக்கிப் போகவேண்டும். அதுதான் சோப்பு!

கடைசியில் படிகாரக் கல். நனைத்து முகத்தில் தேய்க்கும்போது எங்கே சுரீரென்கிறதோ அங்கே பிளேடை அழுத்தியிருக்கிறீர்கள். பெட்டியைப் படித்து வாங்கிய சோப்புக்கு மாறியபின் என் தாடைக்குக் கீழே மட்டும்தான் சுரீரென்கிறது. அது சோப்பின் குற்றமில்லை, என் அவசரம்.

போன மாதம் கட்டியையும் ஒரு பாட்டில் கொதித்தாறிய தண்ணீரையும் சலூனுக்கே எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் குழைத்தார், விரலில் தொட்டுப் பார்த்தார், என் கன்னத்தில் மெதுவாக ஒரு வழி வழித்தார். ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறிக்கொண்டே கேட்டார்: “தண்ணிய எவ்வளவு நேரம் கொதிக்க விட்டீங்க தம்பி?”

கட்டியை நான் திருப்பிக் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.