கோணத்தை நம்பிய அளவை

முக்கோண அளவையில் நீளத்தை ஒருமுறை அளந்தால் போதும். மற்றதெல்லாம் கோணங்களின் வேலை. ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மூன்றாம் புள்ளி எங்கே என்பது உறுதியாகிவிடும். கணக்கில் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னையின் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்து இவ்வேலையைத் தொடங்கினார். அவர் முதலில் அளந்த, வடக்குத் தெற்காக ஓடும் தீர்க்கக்கோட்டு வில்லின் தென்முனை, கடலூரை அடுத்த திருவந்திபுரம்.

ஆற்றையும் வயலையும் தாண்டிச் சங்கிலி இழுக்கும் தொல்லை இதில் இல்லை. அதைவிடப் பெரிய பலம், முறைக்குள்ளேயே சோதனை இருப்பது. கணக்குக்கு இரண்டு கோணங்கள் போதும். மூன்றாவதையும் அளந்தால் பிழை தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பூமி உருண்டை என்பதால் கோணங்களின் கூடுதல் 180 பாகையைச் சற்றே மிஞ்சும்: 50 கிலோமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தில் ஐந்தரை விகலை அளவுக்கு. பள்ளிப் பாடத்தை அப்படியே நம்பினால் சரியான அளவே தவறாகத் தோன்றும்.

முக்கோணத்தின் வடிவமும் முக்கியம். அடிக்கோட்டுக்கு எதிர்க்கோணம் 60 பாகையாக இருக்கும்போது வரும் பிழை, அது 10 பாகையாகக் குறுகினால் ஏறத்தாழப் பத்து மடங்காகும். ஆகவே புள்ளிகளை நினைத்த இடத்தில் வைக்க முடியாது.

உண்மையான பலவீனம் கணக்கில் அன்று, பார்வைக்கோட்டில் இருக்கிறது. புள்ளிக்குப் புள்ளி கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். திருவந்திபுரத்தை ஒட்டி ஔஷதகிரியும் கேப்பர் மலையும் உண்டு. சிதம்பரத்தைச் சுற்றியோ வயலும் தென்னையும் பனையுமே. கொள்ளிடத்துக்குத் தெற்கிலும் அதே தட்டை நிலம். காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே குன்றுகளுக்கு ஈடாயின. கோணம் அளக்கும், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை அவற்றின் மேல் ஏற்றுவது விளையாட்டல்ல: 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது, அதன் வளைந்துபோன கோண வட்டத்தை நிமிர்த்த வாரக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. பின்னாளில் கங்கைச் சமவெளியில், லாம்ப்டனுக்குப் பின் அளவையை நடத்திய ஜார்ஜ் எவரெஸ்ட் பார்வைக்கோட்டுக்காகவே தனிக் கோபுரங்களைக் கட்ட நேர்ந்தது. நீளம் அளப்பதில் மிச்சமான உழைப்பில் ஒரு பகுதி இப்படி உயரம் தேடுவதில் போயிற்று.