காலி வண்டியில்தான் சோதனை: 1966 செவர்லே சி10க்கு டிஸ்க் பிரேக்கும் டிராப் ஸ்பிண்டிலும்

1966 செவர்லே சி10 பிக்கப்பை இன்றைய டெக்சஸ் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு எஞ்சின் பற்றிய பயம் தேவையில்லை. பயப்பட வேண்டியது வண்டியை நிறுத்துவதைப் பற்றித்தான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நான்குக்கும் சேர்த்து ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். செவர்லே இந்த வண்டிகளுக்கு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைக் கொடுத்தது 1967 மாடலில். முன்சக்கர டிஸ்க்கை எல்லா வண்டிக்கும் கொடுத்தது 1971இல். ஆகவே என் வண்டியில் நான் செய்திருப்பதைப் புதுமை என்று சொல்ல மாட்டேன். தொழிற்சாலையே ஐந்தாண்டு கழித்துச் செய்ததைத்தான் செய்திருக்கிறேன்.

வாங்கியது இரண்டரை அங்குல டிராப் ஸ்பிண்டிலோடு வரும் டிஸ்க் கிட். காலிப்பர் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஒற்றை பிஸ்டன் வகை. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதன் பேட் அமெரிக்காவில் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும் என்பதுதான். ஆறு பிஸ்டன் காலிப்பர் பார்க்க அழகு. ஆனால் நெடும்பயணத்தில் பேட் தேய்ந்தால் கூரியருக்காகக் காத்திருக்க வேண்டும். இன்னொரு விஷயம்: இந்த வரிசையில் 1960 முதல் 1962 வரை வந்த வண்டிகளுக்கு முன்பக்கம் டார்ஷன் பார், காயில் ஸ்பிரிங் வந்தது 1963இல். அந்த மூன்றாண்டு வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கிட்டை வாங்க வேண்டாம்.

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பது மலிவான வழி. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்பிரிங் குட்டையானால் கன்ட்ரோல் ஆர்ம்களின் கோணம் மாறும், மேடு பள்ளத்தில் ஆர்ம் தடுப்பு ரப்பரில் மோதும். டிராப் ஸ்பிண்டிலில் சக்கரம் மாட்டும் அச்சு மட்டும் மேலே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். ஆர்ம்கள் பழைய கோணத்திலேயே நிற்க, வண்டி மட்டும் இறங்கும். முன்பக்கத்தைப் பிரித்த கையோடு நான்கு பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ்கள், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே சரி. ஆட்டம் கொடுக்கும் பால் ஜாயின்ட்டில் புது டிஸ்க்கை மாட்டினால், ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். பழி டிஸ்க்கின் மேல் விழும். பிரிக்கும்போது கவனம் முழுக்க ஸ்பிரிங்கின் மேல் இருக்கட்டும். கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் கட்டிய பிறகே பால் ஜாயின்ட்டைத் தளர்த்த வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

மாட்டும்போது காலிப்பரின் ப்ளீடர் திருகு மேல்பக்கம் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் வலம் மாற்றி மாட்டினாலும் காலிப்பர் பொருந்தி உட்காரும். ஆனால் திருகு கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரை டிஸ்க்குக்குப் பயன்படுத்தவும் கூடாது. வீல் சிலிண்டரின் ரப்பர் தளராமல் இருக்க அதில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைக்கும் வால்வு உண்டு. அந்த அழுத்தம் டிஸ்க்கில் பேடை உரச வைத்துச் சூடேற்றும்.

பூஸ்டர் வேண்டுமா? வேண்டும். டிரம்மில் சுழலும் வேகமே ஷூவை இன்னும் இறுக்கிக் கொடுக்கும், கால் பலம் குறைவாகப் போதும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. பூஸ்டர் சரியாக வேலை செய்ய ஏறக்குறைய 18 அங்குல பாதரச வாக்குவம் தேவை. ரேஸ் கேம் போட்ட எஞ்சின் ஐடிலில் அவ்வளவு இழுக்காது, வாங்கும் முன் கேஜ் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இந்த வேலையின் உயிர் டிஸ்க்கில் இல்லை, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் இருக்கிறது. பிக்கப்பின் பின்தொட்டி காலியாக இருக்கும்போது பின் அச்சில் எடை மிகக் குறைவு. பிரேக் அடித்ததும் இருக்கிற எடையும் முன்னால் சாயும். அந்த நேரத்தில் பின் டிரம்முக்கு முழு அழுத்தம் போனால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டியின் வால் சுழலும். கிட்டோடு வரும் காம்பினேஷன் வால்வு இதைப் பொதுவாகக் கவனித்துக்கொள்ளும் என்றாலும், டயர் அளவும் வண்டியின் உயரமும் மாறிய பிறகு அதன் கணக்கு உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நான் அதை நீக்கிவிட்டு, முன்பக்கத்துக்குத் தனி மீட்டரிங் வால்வும், பின்பக்கத்துக்குக் கையால் திருகி மாற்றக்கூடிய புரொபோர்ஷனிங் வால்வும் போட்டேன். ஆள் இல்லாத இடத்தில், காலி வண்டியில், முன்சக்கரம் பூட்டி ஒரு கணமேனும் கழித்தே பின்சக்கரம் பூட்டும் நிலை வரும்வரை திருக வேண்டும். சரக்கேற்றிச் சோதிக்கக் கூடாது. பாரம் இருக்கும்போது பின் டயருக்குப் பிடிப்பு கூடும், அப்போது வால்வு கொஞ்சம் குறைவாக விட்டாலும் ஆபத்தில்லை.

சாலையில் என்ன வித்தியாசம்? முன்பெல்லாம் நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் ஒவ்வொரு மிதிக்கும் ஆழமாகப் போகும். இப்போது பெடல் உயரம் அப்படியே நிற்கிறது. தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்ததும் ஒரு பக்கம் இழுக்கும் பழக்கமும் போய்விட்டது. இதைவிட எனக்குப் பெரிய மகிழ்ச்சி காஸ்டரில், அதாவது ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வில், கிடைத்தது. அந்தக் காலத் தொழிற்சாலை அளவு பயாஸ் பிளை டயருக்கானது. ரேடியல் டயருக்குக் காஸ்டர் கூடுதலாக வேண்டும். மேல் ஆர்மின் ஷிம்களை மாற்றிப்போட்டதும் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும் தொல்லை நின்றது. அலைன்மென்ட் கடையில் பழைய புத்தக அளவையே வைத்துத் தர முனைவார்கள். பவர் ஸ்டீயரிங் இருந்தால், ஷிம் அனுமதிக்கும் அளவுக்கு பாசிட்டிவ் காஸ்டர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

குறைகள் உண்டு. கிட்டில் வந்த பிரேக் ஹோஸ், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் டயரின் உள்பக்கத்தில் உரசியது; வேறு ஹோஸ் வாங்க வேண்டியிருந்தது. மாட்டியதும் இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். புது ஹப் சக்கரத்தைச் சற்று வெளியே தள்ளுகிறது; தாழ்த்திய வண்டியில் அகல டயர் போட்டால் ஃபெண்டரில் இடிக்கும். பழைய ஆறு போல்ட் சக்கரம் வேண்டுமா, 1971 முதல் வந்த ஐந்து போல்ட் வேண்டுமா என்பதையும் ஆர்டர் செய்யும்போதே முடிவுசெய்ய வேண்டும்.

பின்பக்கமும் டிஸ்க் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். காலி பிக்கப்பில் பின் பிரேக்கின் பங்கு சிறியது. டிரம்மோடு கைப்பிரேக்கும் நன்றாக வேலை செய்கிறது. அந்தப் பணத்தில் புது ஷூ, புது வீல் சிலிண்டர், மீதிக்கு நல்ல டயர் வாங்குங்கள்.