கப்பியை விட்டுத் தூக்குக்குண்டைப் பிடித்த கதை

நரம்பு பிசியோ பயிலரங்கு என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தால் போதும், எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். கட்டணம் எவ்வளவு, எந்தத் தேதி என்பதெல்லாம் பதிவு செய்த பிறகுதான் பார்ப்பேன். "தீபாவளிக்குச் சீலை எடுக்கக்கூட இவ இத்தனை அவசரப்பட்டதில்லீங்க" என்று வீட்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ராசிபுரத்தில் சின்னதாக ஒரு பிசியோதெரபி மையம் வைத்திருக்கிற எனக்கு, போன தடவை சேலத்தில் ஒரு கல்லூரி அரங்கில் வாரக்கடைசியில் நடந்த பக்கவாத மறுவாழ்வுப் பயிலரங்கு கொடுத்த சந்தோஷத்தைச் சமீபத்தில் எந்தக் கல்யாணமும் திருவிழாவும் கொடுக்கவில்லை.

பிசியோதெரபி பட்டப்படிப்பான பிபிடி படிக்கும்போது நரம்பியல் என்பது பெயர்களின் ஊர்வலம். போபாத், புருன்ஸ்ட்ராம், பிஎன்எஃப், கார், ஷெப்பர்ட். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். எழுதினோம், வாங்கினோம், வந்துவிட்டோம். அந்தப் பெயர்கள் எல்லாம் நம் உள்ளங்கைக்குள் இறங்குவது இந்த மாதிரிப் பயிலரங்குகளில்தான். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் நோயாளியாகப் படுக்க, இன்னொருவர் பிடிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதை மட்டும் அரை நாள் செய்தோம். காலைப் பின்னுக்கு இழு, இடுப்பிலிருந்து முன்னே குனி, மூக்கு முட்டியைத் தாண்டட்டும், இப்போது எழு. சிட்னியின் கார், ஷெப்பர்ட் இருவரும் 1982-ல் புத்தகமாகவே எழுதி வைத்த சங்கதி இது. ஆனால், என் முதுகில் கை வைத்து ஒரு சீனியர் அந்த எடை முன்னே நகர்கிற நொடியைக் காட்டியபோது, 'அட, இதுவா!' என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

கப்பிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் எந்த பிசியோ மையத்துக்குள் நுழைந்தாலும் சுவரில் முதலில் கண்ணில் படுவது கப்பியும் கயிறும்தான். நோயாளிக்கும் அது ரொம்பப் பிடிக்கும். நல்ல கையால் இழுத்தால் விழுந்த கை 'மேலே போகுது'. பயிலரங்கில் 1990-ல் வந்த ஓர் ஆய்வை எடுத்துப் போட்டார்கள். பக்கவாதம் வந்த 28 பேர், மூன்று குழுக்கள். சிகிச்சையாளர் தன் கையால் பிடித்து அசைத்த குழுவில் தோள்வலி வந்தது 8 சதவீதத்தினருக்கு. கப்பி இழுத்த குழுவில் 62 சதவீதத்தினருக்கு! சின்ன ஆய்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணத்தை எலும்புக்கூட்டில் காட்டியபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை. தோள்பட்டை எலும்பு கூடவே திரும்பாமல் மேற்கையை மட்டும் கயிறு தூக்கினால் நடுவில் இருக்கிற தசைநாண் நசுங்காமல் என்ன செய்யும்? என் மையத்தில் கப்பி இப்போதும் தொங்குகிறது. உறைந்த தோளுக்கு மட்டும். பக்கவாதக்காரர் அந்தப் பக்கம் போனால் உதவியாளர் பெண்ணே அதட்டிவிடுகிறாள்.

அடுத்தது எண்ணிக்கை. 2009-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு அமர்வில் விழுந்த கையால் உருப்படியான வேலை ஒன்றைச் செய்யவைத்தது சராசரியாக 32 தடவை. மூளை தன்னை மாற்றிக்கொள்வதை ஆய்வுக்கூடத்தில் பார்க்க, எலிக்கும் குரங்குக்கும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை கொடுத்தார்கள். மனிதனுக்கு மட்டும் முப்பத்திரண்டு! ஒரு மணி நேரத்தில் 300 தடவை செய்யவைக்க முடியும் என்று அடுத்த ஆண்டே காட்டியும் விட்டார்கள். இதைக் கேட்டு வந்தபோது என்னிடம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். பந்து அமுக்கச் சொன்னால் பத்தாவது தடவை கொட்டாவி விடுவார். பட்டறையிலிருந்து சலங்கைக் குண்டுகளையே கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். மனிதர் கணக்கே மறந்து போட்டுக்கொண்டிருந்தார். போதும் என்று நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது. இளம்பிள்ளைத் தறிக்காரருக்கு நூல் முடிச்சு, சேகோ ஆலைக்காரருக்கு ஜவ்வரிசி அள்ளுவது என்று இப்போது என் அலமாரியைப் பார்த்தால் சந்தைக்கடை.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. "ஏனுங்க டாக்டரம்மா, இன்னைக்குக் கரண்டு வெக்கலீங்களா?" எங்கள் ஊரில் பிசியோ என்றாலே கரண்டு. மெஷினில் விளக்கு எரிந்து சதை துடித்தால்தான் கொடுத்த காசு செரிக்கும். தசையைத் தூண்டுகிற மின்சாரத்துக்கு அதற்கான இடம் உண்டு, அதையும் அழகாகவே சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஆள் மல்லாந்து படுத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருக்க, கை மட்டும் துடித்துக்கொண்டிருந்தால் மூளைக்கு அதில் என்ன வேலை?

நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையையே வேலை வாங்குகிற முறை எட்வர்ட் டாப் என்பவருடைய யோசனை. 222 பேரை வைத்து நடத்திய எக்சைட் ஆய்வு 2006-ல் வெளியானது. இரண்டே வாரப் பயிற்சியின் பலன் ஒரு வருஷம் கழித்தும் நின்றது. மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தானாக நிமிர்கிறவர்களுக்குத்தான் இது. எல்லாருக்கும் மாட்டிவிடக் கூடாது என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் ஊரில் இதற்கு ஒரு கூடுதல் தூண்டுதல் இருக்கிறது. வலப்பக்கம் விழுந்தவர் இடக்கையால் சாப்பிட ஒப்பமாட்டார். மனைவி ஊட்டிவிட வேண்டும், அதில் இரண்டு பேருக்கும் கூச்சம். 'ரசஞ்சோறு நீங்களே பிசைஞ்சு சாப்பிடலாம்' என்று சொல்லிப் பாருங்கள், கண் எப்படி விரிகிறது என்று!

இத்தனையும் ஒரு பக்கம், தள்ளுகிற நோயாளிகளைப் பற்றிய அந்த ஒரு மதியம் இன்னொரு பக்கம். சிலர் உட்காரவைத்தால் நல்ல கையை ஊன்றி, விழுந்த பக்கமாகவே தங்களைத் தள்ளுவார்கள். நிமிர்த்தினால் விழுந்துவிடுவோம் என்று பயந்து இன்னும் வேகமாகத் தள்ளுவார்கள். இரண்டு பேர் பிடித்தாலும் முடியாது. ஜெர்மனியில் கார்நாத் குழுவினர் 2000-ல் இதன் சூட்சுமத்தை அளந்து சொன்னார்கள்: கண்ணை மூடிய நிலையில், உடல் சுமார் 18 பாகை சாய்ந்திருக்கும்போதுதான் தாங்கள் நேராக இருப்பதாக இவர்கள் உணர்கிறார்கள். ஆனால் எதிரே இருக்கிற கம்பம் நேரா, சாய்வா என்று கேட்டால் கண் சரியாகவே சொல்லிவிடுகிறது! ஆகவே பிடித்து இழுக்காதே. கண்ணுக்கு ஒரு செங்குத்துக் கோட்டைக் காட்டு, அவரே வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கட்டும். நிலைப்படியை வைத்துச் செய்து காட்டினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. மிகையாகச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

ராசிபுரம் திரும்பியதும், மோகனூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவருக்கு இதைச் செய்தேன். நிலைப்படிக்குப் பதில் தூக்குக்குண்டு. கடையில் வாங்கி உத்திரத்தில் தொங்கவிட்டு அவர் முன்னால் உட்காரவைத்தேன். வாழ்நாள் முழுக்க அந்தக் குண்டை நம்பிச் சுவர் எழுப்பிய மனிதர். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். "அட, குண்டு நேராத்தான் இருக்குது. நாந்தானுங்க சாஞ்சிருக்கேன்!" என்றவர் ஊன்றிய கையைத் தானே எடுத்தார். அந்த வாரம் முழுக்கச் சந்தித்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லி அறுத்தேன்.

நல்ல கையின் பிம்பத்தைக் காட்டி, விழுந்த கையே அசைவதுபோல் மூளையை நம்பவைக்கிற கண்ணாடிச் சிகிச்சை பற்றித் தனியாகவே எழுதலாம். கையை இழந்தவர்களின் மாயவலிக்குக் கண்ணாடிப் பெட்டியை யோசித்த வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர் என்று சொன்னபோது அரங்கில் விசில் பறந்தது. பக்கவாதக் கைக்கும் அது உதவுகிறது என்று 62 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ன் காக்ரேன் அறிக்கை சொல்கிறது. செலவு? கண்ணாடிக் கடையில் ஒரு துண்டு வெட்டி வாங்குகிற காசு.

வெறும் உற்சாக மாத்திரையாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். தோற்ற ஆய்வுகளையும் எங்கள் முன்னால் விரித்து வைத்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிகமாக நடமாட வைத்தால் நல்லது என்று நம்பி 2,104 பேரிடம் நடத்திய அவெர்ட் ஆய்வு, 2015-ல் நேர்மாறாகச் சொன்னது. குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினால் பலன் கூடுமா என்று இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் பார்த்த அட்டெண்ட் ஆய்வில், ஆறு மாதம் கழித்து வித்தியாசம் எதுவும் இல்லை. அது 2017-ல் வந்தது. மகளுக்கு நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்து வண்டி ஏற்றி அனுப்புகிற நம் வழக்கத்தை இது குத்துகிறது. எங்கள் பக்கத்தில் வாரத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறி வர யாரால் முடியும் என்று நாங்கள் சண்டைக்கே போனோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பிசியோவை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்தத் திட்டத்தில் வேலை செய்கிற தங்கச்சிகள் கேட்ட கேள்விகள்தான் அரங்கிலேயே கூர்மையானவை. கயிற்றுக் கட்டிலில், கோழிப்பண்ணைக் கொட்டகையில் நின்று சிகிச்சை கொடுக்கிறவர்கள் அவர்கள்.

பயிற்றுநர் வேலூர் சி.எம்.சி.யில் பழகியவர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த அதே சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் தலைமையில் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானதைச் சொல்லும்போது பயிற்றுநருக்குக் குரல் தழுதழுத்தது. நல்ல டாக்டர் ஆன பிறகு திரும்பவும் மாணவியாக உட்கார்ந்த அம்மா! சாயங்காலம் அதையே பேசிக்கொண்டு ஐந்து ரோட்டில் தட்டுவடை செட்டு சாப்பிட்டோம். தட்டுவடையும் பிரமாதம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பக்கம் இப்படி ஒன்று நடந்தால் ஜூனியரையும் இழுத்துக்கொண்டு போங்கள். தொளதொள பேன்ட் போடுங்கள், தரையில் புரள வேண்டியிருக்கும். சான்றிதழ் வாங்க மட்டும் வருகிறவர்கள் பின்வரிசையில் இருப்பார்கள், அங்கே உட்காராதீர்கள். மாதிரி நோயாளியாக யார் வருகிறீர்கள் என்று கேட்டால் முதல் ஆளாக ஓடிப்போய்க் கட்டிலில் படுத்துவிடுங்கள். நல்ல பயிற்றுநரின் பிடி எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்துகொள்ள அந்த ஒரு இடம்தான் உண்டு. அடுத்தது தலைசுற்றலுக்கான பயிற்சி, கோயம்புத்தூரில். பதிவு பண்ணியாச்சு, கட்டணத்தை இன்னும் பார்க்கவில்லை.